‘ஒன்லி’ என்றால் ‘மட்டும்’

மாடத்தில் இரண்டு பாட்டில்கள். இரண்டும் ஒரே உயரம். ஒன்றில் இருப்பது இருமலுக்குக் குடிக்கும் மருந்து. இன்னொன்றில் இருப்பது மூட்டுவலிக்குத் தேய்க்கும் மருந்து. இரவு நேரம். கரண்ட் இல்லை. பாட்டிக்கு இருமல் நிற்கவில்லை. எழுந்து போய்க் கையில் பட்ட பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார்.

“பாட்டி, கொஞ்சம் இரு. அதை இப்படிக் கொடு” என்றாள் பேத்தி. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தாள்.

“என்னடி பார்க்கிறே? மருந்துதானே?”

“மருந்துதான். குடிக்கிற மருந்து இல்லே. இதோ பாரு, ஒன்லின்னு போட்டிருக்கு.”

பேத்தி படித்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்பதே அந்த வரி. உடம்பின் வெளியே பூசுவதற்கு மட்டும் என்று அதற்குப் பொருள். பேத்திக்கு அந்த வரி முழுவதும் தெரியாது. கடைசிச் சொல் மட்டும்தான் தெரியும். ‘ஒன்லி’ என்று இருந்தால் ஏதோ ஒன்றைத் தவிர மற்றது கூடாது என்று அவள் தெரிந்து வைத்திருந்தாள். அது போதுமானதாக இருந்தது.

இது கற்பனைக் கதைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. நம் நாட்டில் ஆங்கிலம் படிக்காதவர்கள் வீட்டிலும் ஆங்கில எழுத்து இருக்கிறது. மருந்துப் பாட்டிலில் இருக்கிறது. பாங்கிச் செக்கில் இருக்கிறது. விண்ணப்பத் தாளில், ரயில் பெட்டியில், கடை விளம்பரத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் அடிக்கடி வரும் சொல் இந்த ‘ஒன்லி’. இந்த ஒரு சொல்லையாவது அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. பெரிய எழுத்தில் எழுதினால் நான்கே எழுத்துகள். முதல் எழுத்து ‘ஓ’. வளையல் போல வட்டமாக இருக்கும். இரண்டாவது ‘என்’. இரண்டு கம்பு நட்டு, நடுவில் சாய்வாக ஒரு கட்டை வைத்தது போல இருக்கும். மூன்றாவது ‘எல்’. நம்முடைய ‘ட’ எழுத்தைப் போலவே இருக்கும். கடைசி எழுத்து ‘ஒய்’. பிள்ளைகள் உண்டிவில் செய்ய வெட்டி வருகிறார்களே, கவட்டைக் கம்பு, அது போல இருக்கும். வளையல், இரண்டு கம்பு, ‘ட’, கவட்டை. ஒரு முறை தரையில் எழுதிப் பாருங்கள். பிறகு வீட்டில் உள்ள மருந்துப் பாட்டில்களைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தச் சொல் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்றால் ஒன்று. அந்த ஒன்றிலிருந்துதான் ‘ஒன்லி’ பிறந்தது. ஒன்றே ஒன்று, வேறில்லை என்பது அதன் அடிப் பொருள். நம் தமிழில் ‘மட்டும்’ என்கிறோம். மட்டு என்றால் அளவு, எல்லை. ‘மட்டில்லாத மகிழ்ச்சி’ என்று சொல்கிறோம் அல்லவா? அளவில்லாத மகிழ்ச்சி என்று பொருள். ஆக, ஆங்கிலக்காரர் ஒன்று என்று எண்ணிச் சொன்னார். நாம் எல்லை போட்டுச் சொன்னோம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. ‘இதோடு நிறுத்து’ என்கிற வேலை.

மருந்துக்கு மேல் இருக்கும் ‘ஒன்லி’

தைலம், களிம்பு, புண் கழுவும் மருந்து போன்றவற்றின் மேல் ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்று அச்சிட வேண்டும். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இப்படிச் சொல்கின்றன. கம்பெனி தன் விருப்பத்துக்குப் போட்டது அல்ல இது. குடித்தால் ஆபத்து என்பதால் போட்டது.

தெரியாமல் யாராவது குடித்துவிட்டால் என்ன செய்வது? தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சில தைலங்கள் வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். அது இன்னும் கெடுதல். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டு போக வேண்டும். என்ன மருந்து என்று டாக்டர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

ஆடு மாடு வளர்க்கிற வீட்டில் இன்னொரு ‘ஒன்லி’ இருக்கும். கால்நடை மருந்தின் மேல் ‘நாட் ஃபார் ஹ்யூமன் யூஸ், ஃபார் அனிமல் ட்ரீட்மென்ட் ஒன்லி’ என்று எழுதியிருப்பார்கள். மனிதருக்கு அல்ல, விலங்கு வைத்தியத்துக்கு மட்டும் என்று பொருள். பக்கத்திலேயே ஒரு விலங்கின் தலைப் படம் இருக்கும். இதுவும் அதே விதிகளில் உள்ளதுதான். படிக்கத் தெரியாதவருக்காகவே அந்தப் படம். மாட்டின் எடை வேறு, மனிதரின் எடை வேறு. மாட்டுக்கு அளந்த மருந்தை மனிதர் தாங்க முடியாது. ‘பூச்சி மருந்துதானே, பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது.

எழுத்தே இல்லாத ‘மட்டும்’ ஒன்றும் உண்டு. சில மாத்திரை அட்டைகளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே வாங்கிச் சாப்பிட வேண்டிய மருந்து என்று அதற்குப் பொருள். இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி மக்களுக்குச் சொல்ல மத்திய அரசு 2016-இல் ஒரு பிரசாரமே நடத்தியது.

பணத்துக்குக் காவல்

‘ஒன்லி’ மிகவும் கவனமாக வேலை பார்க்கும் இடம் பணம் எழுதும் இடம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு மகளிர் சுய உதவிக் குழு. பதினைந்து பேர். வாரா வாரம் சேர்த்த பணம் பாங்கியில் இருக்கிறது. தையல் மெஷின் பழுது பார்த்தவருக்கு 2,000 ரூபாய் கொடுக்க வேண்டும். செக் எழுதுகிறார்கள். தலைவிக்கு ஆங்கில எழுத்து ஓரளவு தெரியும். ‘டூ தௌசண்ட்’ என்று எழுதினார். அத்தோடு நிறுத்திவிட்டார். கட்டத்தில் 2000 என்று எண்ணையும் எழுதினார். இருவர் கையெழுத்துப் போட்டார்கள்.

எழுத்துக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. அந்த இடத்தில் வேறொரு கை ‘நைன் ஹண்ட்ரட்’ என்று சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? எண்ணில் உள்ள முதல் சைபருக்கு ஒரு வால் போட்டால் அது ஒன்பது ஆகிவிடும். 2000 போய் 2900 வந்துவிடும். பதினைந்து பேர் சிறுகச் சிறுகச் சேர்த்ததில் 900 ரூபாய் போய்விடும். மேலே குழுவின் கையெழுத்து சரியாக இருக்கிறது. பாங்கிக்காரருக்குச் சந்தேகமும் வராமல் போகலாம்.

‘டூ தௌசண்ட் ஒன்லி’ என்று எழுதியிருந்தால்? அப்போது பின்னால் எதையும் சேர்க்க முடியாது. ‘ஒன்லி’க்குப் பிறகு எழுதினால் அது தனியாகத் தெரியும். வயலுக்குக் கடைசி வரப்பு போட்டது போல அந்தச் சொல் நிற்கிறது.

பின்பக்கம் அடைத்தாயிற்று. முன்பக்கம்? அதையும் அடைக்க வேண்டும். ‘ரூபாய்’ என்று அச்சடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இடைவெளி விடாமல் எழுதத் தொடங்க வேண்டும். நடுவில் தள்ளி எழுதினால் முன்னால் ‘ட்வென்டி’ என்று சேர்க்கலாம். 2,000 ரூபாய் 22,000 ரூபாய் ஆகிவிடும். இதைத் தடுக்க ‘ஒன்லி’யால் முடியாது. அது பின்பக்கத்துக் காவல்தான். எழுதிய பிறகு வரியில் இடம் மிச்சம் இருந்தால் நீளமாக ஒரு கோடு இழுத்துவிடுவது நல்லது.

எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த கோடும் ஒரு படுத்த கோடும் போடுகிறோமே, அது எதற்கு? அதுவும் ஒரு ‘ஒன்லி’தான். இங்கிலாந்தில் முன்பு ஷில்லிங், பென்ஸ் என்று காசுகள் இருந்தன. ஷில்லிங்கை எழுதிச் சாய்ந்த கோடு போடுவார்கள். பென்ஸ் ஒன்றும் இல்லை என்றால் அந்த இடத்தில் படுத்த கோடு போடுவார்கள். அந்த வழக்கம் இங்கேயும் வந்தது. ஷில்லிங் போய்விட்டது. கோடு மட்டும் நின்றுவிட்டது. நம் கணக்கில் ‘பைசா ஒன்றும் இல்லை, இதோடு முடிந்தது’ என்று அதற்குப் பொருள்.

செக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. செக் அச்சடிப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஆனால் வாடிக்கையாளர் இந்தி, ஆங்கிலம், அந்த வட்டாரத்து மொழி மூன்றில் எதிலும் எழுதலாம். இது ரிசர்வ் வங்கி சொன்னது. தமிழ்நாட்டில் இருக்கும் குழு ‘இரண்டாயிரம் மட்டும்’ என்று தமிழிலேயே எழுதலாம்.

தமிழில் எழுதினால் கூடுதலாக ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘டூ தௌசண்ட்’ என்பதை மாற்றாமலே பின்னால் ‘நைன் ஹண்ட்ரட்’ ஒட்டலாம். தமிழில் முடியாது. ‘இரண்டாயிரம் தொள்ளாயிரம்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ‘இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்’ என்றுதான் எழுத வேண்டும். அதற்கு ‘ம்’ எழுத்தை அழித்து ‘த்து’ போட வேண்டும். ‘நூறு’ என்பதும் அப்படித்தான். மேலே சேர்க்க வேண்டுமென்றால் ‘நூற்று’ என்று மாற்ற வேண்டும். அழித்தால் தெரிந்துவிடும். நம் மொழியின் எண்ணுப் பெயர்களே பாதிக் காவல் காக்கின்றன. இருந்தாலும் முன்பக்கம் திறந்துதான் இருக்கிறது. ‘இரண்டாயிரம்’ என்பதற்கு முன்னால் ‘ஒரு லட்சத்து’ என்று சேர்க்க இடம் விட்டால் சேர்க்கலாம். அதனால் ஓரத்திலிருந்து எழுதுவதும், முடிவில் ‘மட்டும்’ போடுவதும் தமிழிலும் வேண்டும்.

எண்ணில் ஒன்று, எழுத்தில் வேறு ஒன்று இருந்தால் எது செல்லும்? செக், புரோநோட்டு பற்றிய சட்டம் 1881-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எழுத்தில் உள்ள தொகைதான் தொகை என்று அது சொல்கிறது. நடைமுறையில் பாங்கிக்காரர் செக்கையே திருப்பிக் கொடுத்துவிடுவார். எப்படியானாலும் எழுத்தில் எழுதும் இடம்தான் முக்கியம். எழுதும்போது தப்பு வந்துவிட்டால் அடித்துத் திருத்தக் கூடாது. பெயரிலோ தொகையிலோ திருத்தம் உள்ள செக்கை இப்போது பாங்கிகள் ஏற்பதில்லை. வேறு செக் எழுத வேண்டும்.

புரோநோட்டுக்கும் ரசீதுக்கும் இதே கதைதான். கடன் வாங்குகிறவர் அவசரத்தில் இருப்பார். ‘தொகையை அப்புறம் போட்டுக்கலாம், நீ கையெழுத்தைப் போடு’ என்று சொல்பவர் அவசரத்தில் இருக்க மாட்டார். தொகை எழுதி, ‘மட்டும்’ போட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மிச்சத்தை நிரப்பும் உரிமையையும் கொடுத்ததாக அதே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிறகு வாதாடுவது கஷ்டம்.

செக்கில் இன்னொரு ‘ஒன்லி’யும் உண்டு. இடது மூலையில் சாய்வாக இரண்டு கோடு போட்டு, நடுவில் ‘அக்கவுண்ட் பேயீ ஒன்லி’ என்று எழுதுவார்கள். யார் பெயருக்கு எழுதினார்களோ அவர் கணக்கில் மட்டும் பணம் சேரும். வேறு யார் கையில் கிடைத்தாலும் காசாக்க முடியாது. தொலைந்தாலும் பயமில்லை. ஆனால் பெயருக்கு உரியவரே கவுண்ட்டரில் நீட்டினாலும் ரொக்கம் தர மாட்டார்கள். பாங்கிக் கணக்கு இல்லாத கூலித் தொழிலாளிக்கு இப்படிச் செக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? முன்பெல்லாம் இது பெரிய தொல்லை. 2014-இல் ஜன் தன் திட்டம் வந்தது. கையில் பணம் இல்லாமலே கணக்குத் தொடங்கலாம் என்று ஆனது. கணக்கு இல்லாதவர் இன்னும் யாராவது இருந்தால், சம்பளம் செக்காக வரும் வரை காத்திருக்காமல் முன்பே தொடங்கிக்கொள்ளலாம்.

பலகையிலும் தாளிலும்

விண்ணப்பத் தாளின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். ‘ஃபார் ஆஃபீஸ் யூஸ் ஒன்லி’ என்று மேலே போட்டிருக்கும். அலுவலக உபயோகத்துக்கு மட்டும். அதில் நாம் எதுவும் எழுதக் கூடாது. காலியாக விட்டால் தாள் தள்ளுபடி ஆகுமோ என்று பயந்து எதையாவது நிரப்புகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். அது அவர்களுடைய இடம்.

ரயிலில் ‘லேடீஸ் ஒன்லி’ என்று பெட்டி இருக்கும். மகளிர் மட்டும். மும்பையில் 1992-இல் மின்சார ரயில் ஒன்று முழுவதையுமே பெண்களுக்கு என்று விட்டார்கள். பெண்கள் பெட்டியில் ஆண்கள் தெரிந்தே ஏறினால் அபராதம் உண்டு. ‘எழுதியிருந்தது தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

மும்பை என்றதும் ஒரு வேடிக்கை. அங்கே அந்தப் பெட்டியில் இந்தியிலும் எழுதியிருப்பார்கள். அதில் முதல் சொல் ‘கேவல்’. இந்தியில் ‘மட்டும்’ என்று பொருள். புதிதாகப் போன தமிழர் காதில் அது ‘கேவலம்’ என்று விழும். பெண்களைக் கேவலமாக எழுதியிருக்கிறார்களே என்று கோபம்கூட வரலாம். இரண்டும் ஒரே சொல்தான். நாமும் அந்தப் பழைய பொருளில் இன்னும் பேசுகிறோம். ‘கேவலம் பத்து ரூபாய்க்காகவா சண்டை?’ என்று கேட்கிறோம். வெறும் பத்து ரூபாய் என்றுதானே அங்கே பொருள்? இந்திக்காரர் ‘சிர்ஃப்’ என்றும் சொல்வார். அது அரபு மொழியிலிருந்து வந்தது. கலப்பு இல்லாதது என்பது அதன் பொருள். ‘மாத்ர’ என்றும் சொல்வார். நம் ‘மாத்திரம்’ அதற்குத் தங்கை. கன்னடம், தெலுங்கு, மலையாளத்திலும் அந்தக் குடும்பம் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் ‘மட்டும்’ என்பதற்கு அங்கே என்ன சொல் என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைக்காரர் சொல்லும் ‘ஒன்லி’

கடை விளம்பரத்தில் ‘ஒன்லி 99 ருபீஸ்’ என்று போட்டிருக்கும். இங்கே அதன் வேலை வேறு. செக்கில் அது காவல்காரர். விளம்பரத்தில் அது வியாபாரி. விலை குறைவு, வாங்கு என்று கையைப் பிடித்து இழுக்கிறது. ‘ஜஸ்ட் 99’ என்றும் போடுவார்கள். அதுவும் வெறும் 99 என்றுதான். பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழே பொடி எழுத்தில் ஏதாவது நிபந்தனை இருக்கும். பெரிய எழுத்தில் ‘ஒன்லி’, பொடி எழுத்தில் நிபந்தனை. வரி தனி, வண்டிக் கூலி தனி என்று பிறகு சொல்வார்கள்.

‘ஜஸ்ட்’ என்பது ‘ஒன்லி’க்குப் பக்கத்து வீட்டுச் சொல். நாம் தினமும் பேசுவதுதான். பையன் 35 மார்க் வாங்கினால் ‘ஜஸ்ட் பாஸ்’ என்கிறோம். ஒரு நிமிஷத்தில் பஸ்ஸை விட்டால் ‘ஜஸ்ட் மிஸ்’ என்கிறோம். மயிரிழையில் என்று பொருள். ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போதுதான். ஆனால் செக்கில் ‘ஜஸ்ட்’ எழுதுவதில்லை. லேடீஸ் ஜஸ்ட் என்று பலகையும் வைப்பதில்லை. வேலி போடுகிற இடத்தில் ‘ஒன்லி’தான் வரும்.

‘மியர்லி’ என்று ஒரு சொல் இருக்கிறது. புத்தகத்தில் வரும். பேச்சில் குறைவு. ‘வெறும்’, ‘கேவலம்’ என்று மட்டமாகச் சொல்லும்போது வரும்.

‘அலோன்’ என்பதில்தான் கவனம் வேண்டும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘ஷீ அலோன் கேம்’ என்றால் அவள் மட்டும் வந்தாள், மற்றவர்கள் வரவில்லை. ‘ஷீ கேம் அலோன்’ என்றால் அவள் தனியாக வந்தாள், துணைக்கு ஆள் இல்லை. சொற்கள் மூன்றும் அதேதான். ஒரு சொல் இடம் மாறியது, அவ்வளவுதான்.

‘மட்டும்’ எங்கே நிற்கிறது?

‘ஒன்லி’யும் இப்படித்தான் இடம் பார்த்துப் பேசும். தமிழிலேயே முதலில் பார்ப்போம். ‘மகன் அம்மாவுக்கு நூறு ரூபாய் கொடுத்தான்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘மகன் மட்டும் அம்மாவுக்கு நூறு ரூபாய் கொடுத்தான்’. மகள் கொடுக்கவில்லை. மகள் காதில் விழுந்தால் சண்டை வரும்.

‘மகன் அம்மாவுக்கு மட்டும் நூறு ரூபாய் கொடுத்தான்’. அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. இப்போது அப்பா முகம் சுருங்கும்.

‘மகன் அம்மாவுக்கு நூறு ரூபாய் மட்டும் கொடுத்தான்’. இருநூறு கேட்டிருப்பார் போலிருக்கிறது.

தமிழில் ‘மட்டும்’ எந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறதோ அந்தச் சொல்லுக்கு வேலி. ஆங்கில வாக்கியத்தில் ‘ஒன்லி’ பெரும்பாலும் முன்னால் நிற்கும். ‘ஒன்லி த சன்’ என்றால் மகன் மட்டும். ஆனால் பலகையிலும் பாட்டிலிலும் செக்கிலும் நம்மைப் போலவே பின்னால் நிற்கும். ‘லேடீஸ் ஒன்லி’, ‘டூ தௌசண்ட் ஒன்லி’. பேசும்போது ஆங்கிலேயரே அதைச் சரியான இடத்தில் வைப்பதில்லை. ‘ஐ ஒன்லி கேவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ என்பார்கள். நூறு ரூபாய் மட்டும் கொடுத்தேன் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. குரலை அழுத்திச் சொல்வதால் கேட்பவருக்குப் புரியும். எழுத்தில் குரல் கேட்காது. அதனால் பத்திரத்திலோ ஒப்பந்தத்திலோ ‘ஒன்லி’ வந்தால், அது எதைச் சொல்கிறது என்று படித்துச் சொல்பவரிடம் கேட்டுவிட வேண்டும். ஆளுக்கு மட்டுமா? தொகைக்கு மட்டுமா? இந்த வருஷத்துக்கு மட்டுமா? மூன்றுக்கும் பணம் வேறுபடும்.

முன்னால் ‘நாட்’ வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ‘நாட் ஒன்லி’ என்றால் மட்டும் அல்ல. வேலி திறந்துவிட்டது. பின்னாலேயே ‘ஆல்சோ’ என்று ஒரு சொல் வரும். ‘கூட’ என்று பொருள். ‘நாட் ஒன்லி லேடீஸ்’ என்றால் பெண்கள் மட்டும் அல்ல, ஆண்களும்கூட. ‘ஒன்லி’யைக் கண்டதும் நின்றுவிடாமல் அதற்கு முன்னால் உள்ள சொல்லையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

நாம் பேசும் ‘ஒன்லி’

நம் நாட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் ‘ஒன்லி’யை இன்னொரு விதமாகவும் பேசுகிறார்கள். ‘ஹீ இஸ் லைக் தட் ஒன்லி’ என்பார்கள். அவன் அப்படித்தான் என்று பொருள். ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’. நான் இங்கேதான் இருக்கிறேன். இங்கிலாந்துக்காரர் இப்படிப் பேச மாட்டார். நம் ‘தான்’ என்பதை அப்படியே ‘ஒன்லி’ என்று சொல்லிவிடுகிறோம். இந்திக்காரரிடம் ‘ஹீ’ என்று ஒரு சின்னச் சொல் உண்டு. அதுவும் நம் ‘தான்’ போன்றதே. அதனால் அவரும் இப்படியே பேசுகிறார். சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. வந்த மொழியை நாம் நம் வசதிக்குப் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஆனால் ஓர் இடத்தில் இது ஆளை ஏமாற்றிவிடும். ‘நாளைக்கு மட்டும்’ என்பது வேறு. ‘நாளைக்குத்தான்’ என்பது வேறு. முதலாவதில் நாளையோடு முடிந்துவிடும். இரண்டாவதில் இன்று இல்லை, நாளைதான் தொடக்கம் என்றும் இருக்கலாம். ‘டுமாரோ ஒன்லி’ என்று ஒருவர் சொன்னால் இரண்டில் எது?

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன ஒரு தமிழ்ப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-இல் ஒரு சட்டம் வந்தது. 18 வயது முதல் 60 வயதுக்குள் இருப்பவர், முந்தைய ஒரு வருஷத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால், நல வாரியத்தில் பதியலாம். அந்தப் பதிவுக்கு முகாம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். வாசலில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குக் கன்னடம் வராது. அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு நடந்தது.

“கேம்ப் டுமாரோ ஒன்லி” என்றார் அவர்.

நாளைக்கு மேஸ்திரி தளம் போடுகிறார். போகாவிட்டால் கூலி போய்விடும். அடுத்த வேலைக்குக் கூப்பிடாமலும் விட்டுவிடலாம். நாளைக்கு மட்டும்தான் என்றால் கூலியை விட்டுத்தான் ஆக வேண்டும். அவர் திரும்பிப் போகப் பார்த்தார். பிறகு நின்றார்.

“சார், டுமாரோ ஒன்லியா? டே ஆஃப்டர் நோ கேம்ப்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார்.

“நோ, நோ. டுடே நோ. டுமாரோ. டே ஆஃப்டர் ஆல்சோ.”

அந்தப் பெண் மறுநாள் தளம் போடும் வேலைக்குப் போனார். அதற்கு அடுத்த நாள் காலையில் ஆதார் அட்டையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய் வரிசையில் நின்றார்.